மலைக்காது

போடியில் பிறந்தவர்களுக்குக் காது அடைப்பதெல்லாம் ஒரு நோயே இல்லை. வீட்டுக்கு ஒருவராவது தினம் மலைக்குப் போய்த் திரும்புகிற ஊர் இது. போடிமெட்டுக்கு ஏறும்போது காது அடைக்கும். இறங்கும்போது இன்னும் நன்றாக அடைக்கும். அதற்கு ஊருக்கே தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டு மென்று, எச்சிலைக் கூட்டி விழுங்க வேண்டும். அப்படியும் திறக்காதவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கேட்கும்படி பேசுவார்கள். "நான் என்ன செவிடா, ஏன் இந்தக் கத்துக் கத்துறீங்க?" என்று கேட்டால், "மலைக்காதுடி" என்று என் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வரும். எங்கள் வீட்டில் அதற்கு அப்படித்தான் பெயர். பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பழகிவிட்டால் எதுவும் வீட்டில் ஒருத்தராகிவிடுகிறது. அதைப் போய் யார் டாக்டரிடம் காட்டுவார்கள்?

அவருக்கு மலைமேல், கேரளப் பக்கம், கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. கூலிக்கு வருகிற பெண்களை விடிந்ததும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போவார். சாயங்காலம் அவரே கொண்டுவந்து இறக்கிவிடுவார். நான் கீழே வீட்டில், உலர்ந்து வருகிற காயைத் தரம் பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்திருப்பேன். எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் படித்தாள். கூடப் படித்த மலையாளத்துப் பிள்ளைகள் போன வழியிலேயே இவளும் கிளம்பி, மால்டா என்கிற தீவுக்கு வேலைக்குப் போனாள். உலகப் படத்தில் இத்தாலிக்குக் கீழே ஒரு கடுகு. எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் ஐரோப்பா என்று சொல்லி முடித்துவிடுவேன். அவர் விட மாட்டார். மத்தியதரைக் கடல் என்று முழுப் பெயரையும் சொல்லி, டீக்கடை மேஜையில் தண்ணீரைத் தொட்டு இத்தாலியின் காலை வரைந்து, அதற்குக் கீழே ஒரு பொட்டும் வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார்.

அங்கே போன கொஞ்ச நாளில் அவள் கடலுக்கடியில் முங்கக் கற்றுக்கொண்டாள். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், வாயில் குழாய், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. கூடப் போனவர்கள் யாரோ எடுத்த வீடியோவை எங்களுக்கு அனுப்பினாள். நீலத் தண்ணீருக்குள் என் மகள் ஒரு பாறையைச் சுற்றி மெதுவாகப் போகிறாள். மீன்கள் அவளைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே போகின்றன. "சம்பாதிக்க அனுப்புனோமா, சாக அனுப்புனோமா?" என்று கத்தினேன். அவரோ அதை ஜீப்பில் வருகிற அத்தனை பெண்களிடமும் காட்டிவிட்டார். தோட்டத்து மேஸ்திரி மலையாளி. "சேட்டனும் முங்ஙான் போகுவாணோ?" என்று அவன் கேலியாகக் கேட்டதைக்கூடப் பெருமையாக வந்து சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மகள் போனில் கேட்டாள். "அப்பா, நீங்க கெணத்துல கல்லெடுத்தவருதான? வாங்க. ஒங்கள நானே கையப் பிடிச்சுக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் இல்லை.

எனக்குத் தண்ணீர் என்றால் குளிக்கிற அளவுக்குத்தான். நான் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"அதுக்கு எதுக்குடி அம்புட்டுத் தூரம்? நம்ம கொட்டகுடி ஆத்துக்கரையிலயே உக்காந்துக்கலாமே" என்றார்.

"செருப்பையும் துணியையும் பாத்துக்கிற ஒரு ஆளு வேணாமா? அப்பனும் மகளுமா உள்ள போற ரெண்டு தலையும் திரும்ப மேல வருதான்னு எண்ணுறதுக்கு ஆளு வேணாமா?"

"அதுவும் சரிதான். நீ எண்ணிக்கிட்டே இரு" என்று சிரித்தார். என் பங்கு அப்படி முடிவானது.

தேதி குறிப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. செப்டம்பரில்தான் அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்றாள் மகள். புரட்டாசியில் காயைச் செடியில் விட்டுவிட்டு வந்தால் அணில்தான் அறுவடை பண்ணும் என்றார் இவர். காய் இல்லாத பங்குனியில் வரலாமென்றால் அங்கே கடல் குளிரில் கால் வைக்க முடியாதாம். ஏலத்துக்குக் கடலும் கடலுக்கு ஏலமும் ஒத்துவராமல், நிச்சயதார்த்தப் பேச்சு மாதிரி இழுத்து, கடைசியில் ஜூன் மாதம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. முதல் காய் எடுப்புக்கு முன்னால் திரும்பிவிடலாம். முங்கி எழுந்த மறுநாள் விமானம் ஏறக் கூடாது, உயரமான மலையும் ஏறக் கூடாது என்று மகள் சொன்னபோது அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். "மலை ஏறாம நமக்கு என்னடி சோலி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் பாட்டுக்கு எத்தனை விதப் பொடி இடிப்பது, எதில் கட்டினால் பெட்டிக்குள் ஒழுகாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அப்போது எங்களுக்கு அது தெரியவும் செய்தது.

ஒத்திகை பார்க்க சிலமலையில் என் அண்ணன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். கல்லை உள்ளே போட்டுவிட்டு, அடிவரை முங்கி அதே கல்லை எடுத்துவருவது இவர் சின்ன வயதில் ஆடிய ஆட்டம். அண்ணன் கல்லில் சுண்ணாம்பு அடையாளம் போட்டு எறிந்தார். இவர் மோட்டார் ரூம் சுவரிலிருந்து குதித்தார். குதித்த வேகத்திலேயே மேலே வந்துவிட்டார். மறுபடி போனார். மறுபடி வந்தார். இடது காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, கல்லு கெடைக்கலயா, காது கெடைக்கலயா?" என்றார் அண்ணன்.

"ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருக்கு மச்சான். மலைக்காது. இன்னைக்கு ரெண்டு நடை போனேன்ல" என்றார் இவர். எல்லோரும் தலையாட்டினோம். அண்ணி ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதை மகளிடம் சொன்னோம். முங்கும்போது எல்லோருக்கும் காது அடைக்கும், அதற்கு வழி இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, மெதுவாக ஊத வேண்டும். இரண்டு காதும் திறந்துகொள்ளும். தண்ணீருக்குள் இறங்குவதும் மலையிலிருந்து இறங்குவதும் காதுக்கு ஒன்றுதான், அதனால் ஜீப்பிலேயே பழகுங்கள் என்றாள். அந்த வாரம் முழுக்க போடிமெட்டிலிருந்து இறங்கிய எங்கள் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். தோட்டம் பார்க்க நானும் ஒரு நாள் போயிருந்தேன். வளைவு வரும்போது பின்னால் இருந்த பெண்கள், "எனக்குத் தொறந்துருச்சு, எனக்குத் தொறந்துருச்சு" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூவினார்கள். எனக்கும் சுலபமாகத் திறந்தது. அவர் மறுபடி மறுபடி மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

ஓட்டும்போது அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ரொம்ப நாளாகவே ஜீப்பில் நான் பேசினால் அவர் பதில் சொல்வதில்லை. காசு கேட்டால் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். வீட்டிலும் நான் திட்ட ஆரம்பித்தால் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்துவிடுவார். ஒரு வார்த்தையும் கேட்காதாம். நிம்மதியாகத் தூங்குவார். அதைச் சொல்லி இரண்டு பேரும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள் பரீட்சை வைத்தாள். "ரெண்டு காதும் தொறக்குதாப்பா?"

"எடது எப்பவுமே தொறக்காது ஆத்தா. அது மலைக்காது. வலது ஒன்னு போதாதா?"

"எப்ப இருந்து?"

"போன காய் எடுப்புக்கு முந்தியே இருக்கும்."

"வீட்ல இருக்குற அன்னைக்குமா? மலைக்கே போகாத அன்னைக்குமா?"

அவர் யோசித்தார். "ஆமா. அடச்சேதான் இருக்கு."

"மூக்குல ரத்தம் வருதாப்பா?"

"காலைல காறித் துப்புனா லேசா வரும். அது ஸ்டோர்ச் சூடு."

ஸ்டோர் என்பது காயை உலர்த்துகிற சூட்டறை. அங்கே நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு மூக்கு உடைவதும் எங்கள் ஊரில் நோய் கிடையாது. போனில் மகள் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டினேன். நெட் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"அம்மா, போன எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போங்க" என்றாள்.

மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். மூக்குக்குப் பின்னால், காதுக்குக் காற்று போகிற வழியின் வாசலிலேயே கட்டி உட்கார்ந்திருந்தது. கழுத்திலும் இறங்கியிருந்தது. சதை எடுத்துச் சோதித்து, மகள் பயந்த மாதிரியே புற்றுநோய்தான் என்று சொன்னார்கள். டாக்டர் வயதில் சின்னவர், நல்லவர். "ஒரு பக்கக் காது இத்தனை மாசமா அடைச்சிருக்கு. ஏன்யா வரலை?" என்று வருத்தமாகத்தான் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "நாங்க போடிங்க" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. யார்மேல் கோபப்படுவது? அவர் மேலா, என் மேலா, ஏலக்காய் கொடுத்த அண்ணி மேலா? ஊர் முழுக்கக் காது அடைத்துக்கொண்டு திரிகிற ஊரில் இவர் காது மட்டும் வேறு என்று யாருக்குத் தெரியும்? நான் மலைமேல் கோபப்பட்டேன். ஊருக்குத் திரும்புகிற வழியில், தேனி தாண்டியதும் அது நீலமாகத் தெரிந்தபோது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

கதிர் சிகிச்சையும் மருந்தும் மதுரையிலேயே நடந்தன. மகள் லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து போனாள். ஜூன் மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது. அவருக்கு எச்சில் வற்றிவிட்டது. நாக்கில் ருசி போய்விட்டது. ஒரு காயை நசுக்கி முகர்ந்தே எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்கிறவர், என் கையிலிருந்து ஒன்றை வாங்கி மென்று பார்த்து, "மரத்தூளு" என்று துப்பினார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். வலி வந்தபோதெல்லாம் அழாத மனிதர்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து, தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டிரைவர் வைத்து ஜீப்பில் கூட்டிப் போனேன். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது பாதி மலையில் அவர் கை மூக்குக்குப் போவதைக் கண்ணாடியில் பார்த்தேன். விழுங்க எச்சில் இல்லாத மனிதருக்கு மகள் சொன்ன வழி ஒன்றுதான் மிச்சம். ஊதினார். சட்டென்று டிரைவர் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"தொறந்துருச்சுடி" என்றார். "டொப்புன்னு தொறந்துருச்சு. பேசு. இந்தப் பக்கம் வந்து ஏதாச்சும் பேசு."

நான் இறங்கி அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். "வெரசா வீட்டுக்குப் போலாம், வெயிலு" என்றேன். அதைக் கேட்டு, வளைவில் மற்ற வண்டிகள் ஹாரன் அடிக்க, அந்த மனிதர் கைதட்டிச் சிரித்தார்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டோம். டாக்டரைக் கேட்காமல் முங்கக் கூடாது, ஆனால் வந்து பார்க்கலாமே, வருகிற ஜூனில் வாங்கப்பா என்று அவளும் அழுதுகொண்டே சொன்னாள். மறுபடி பாஸ்போர்ட் வெளியே வந்தது. மறுபடி பொடி. நான் பஜாருக்குப் போய் நீலத்தில் பெரிய துண்டு ஒன்று வாங்கிவந்தேன். கடலிலிருந்து ஏறினால் குளிருமே, மெலிந்த உடம்பு என்று பெரிதாகவே பார்த்து வாங்கினேன். அவர் அதைத் தோளில் போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். காது திறந்துவிட்டது, நோய் போய்விட்டது என்று நாங்கள் நம்பினோம். எங்கள் ஊர்க் கணக்கு அப்படித்தான். காது திறந்தால் கீழே வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

வெண்ணெய் திரளும்போதுதானே தாழி உடைய வேண்டும். பொங்கல் முடிந்ததும் முதுகு வலிக்கிறது என்றார். ஜீப்பு ஓட்டி ஓட்டி வந்த வலி என்றார்கள் பார்க்க வந்தவர்கள். இந்தத் தடவை நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. மறுநாளே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஓடி என்ன? மூக்குக்குப் பின்னால் இருந்தது கரைந்ததால் காது திறந்திருக்கிறது. அது போக வேண்டிய இடத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. எலும்பிலும் ஈரலிலும் இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

மத்தியானங்களில் வலிக்கு மருந்து கொடுத்த பிறகு அவருக்குக் கொஞ்சம் தெளிவு வரும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது புலம்புவேன். "முன்ன மாதிரி இல்லடி. இப்ப ரெண்டு காதும் கேக்குது. எதப் பொத்துறது?" என்பார். ஒரு நாள், "திட்டாத. ஊருக்குப் போற கதையச் சொல்லு" என்றார்.

சொன்னேன். போடியிலிருந்து மதுரைக்குக் கார். விமானம். ஜன்னல் சீட்டு அவருக்கு. இறங்கினால் வெளியே மகள் கையாட்டிக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை வீட்டில் ரசமும் அப்பளமும். காலையில் பஸ்சு பிடித்துக் கடலுக்குப் போகிறோம். நான் ஒரு பாறை பார்த்து உட்கார்கிறேன், செருப்பை வாங்கி வைத்துக்கொள்கிறேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீர் தொடங்கும் இடத்தில் என் கதை நின்றுவிடும். அங்கிருந்து மகள் எடுத்துக்கொள்வாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எறங்குறோம்ப்பா. மெதுவா. மூச்ச அடக்கக் கூடாது. இழுத்து விடுங்க, இழுத்து விடுங்க" என்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்ன மாதிரியே இழுத்து விடுவார். கீழே என்ன தெரிகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, பாறையும் மீனும் மேலே வெளிச்சமும், வலி இருந்த முகம் சற்று இளகும். தினம் மத்தியானம் இதேதான். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் திருத்துவார்.

"நீயும் உள்ள வாயேன்டி" என்றார் ஒரு தடவை.

"யாரு எண்ணுறது?" என்றேன். சரி வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சித்திரை பிறக்கும் முன்னால் ஒரு காலையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனோம். பக்கத்தில் சுருளியிலேயே கரைக்கலாமே என்றார்கள் பங்காளிகள். கடலில்தான் என்று நான் சொல்லிவிட்டேன். பெண் பிள்ளை கையில் கலயத்தைக் கொடுப்பதா என்று அடுத்த பேச்சு வந்தது. "அவ அளவுக்கு முங்கத் தெரிஞ்சவன் ஒங்கள்ல எவன் இருக்கான்? வரச் சொல்லுங்க, குடுக்குறேன்" என்றேன். யாரும் வரவில்லை.

மகள் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் மணலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். நீலத் துண்டும் மடியில் இருந்தது. பெட்டியில் அதை எடுத்துவைத்தது நான்தானா என்று நினைவில்லை. அவள் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு வரை தண்ணீர் வந்தது. திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவோடு சேர்ந்து முங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை மேலே வந்தது. கை காலியாக இருந்தது. கரைக்கு வந்து, "அம்மா, போலாம்" என்று என் தோளைத் தொட்டாள். நான் துண்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். இன்னொரு தலை வர வேண்டியிருந்தது.